ஃபைல் சர்வர் ஓஎஸ்ஸை எஸ்எஸ்டியில் போட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்களேன்

ஜூரோங்வாசி:

முதலில் என் கதை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்றில் 4 டிபி ஹார்டுடிஸ்க் இரண்டை மிரராகப் போட்டு (ஒன்றில் இருப்பது அப்படியே மற்றதிலும் இருக்கும்) ட்ரூநாஸ் என்ற ஃபைல் சர்வர் ஓஎஸ் ஓட்டுகிறேன். ஓஎஸ் மட்டும் 16 ஜிபி தம்டிரைவில் இருந்தது. ஃப்ரீநாஸ் என்று பெயர் இருந்த காலத்திலிருந்தே அப்படித்தான். 9.3 பதிப்பில் ஓஎஸ் இருக்கும் பூட் டிரைவும் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டத்துக்கு மாறியது, அதில் எழுதுவதும் கூடிவிட்டது; எழுத எழுத தம்டிரைவ் தேயும். இதை நான் கண்டுகொள்ளவே இல்லை.

தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அம்மா டிவி முன்னால் உட்கார்ந்து, "அப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோ வரமாட்டேங்குதே" என்றார். போய்ப் பார்த்தால் சர்வர் பூட் ஆகவில்லை. தம்டிரைவ் செத்துவிட்டது.

வீடியோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஹார்டுடிஸ்கில்தானே இருக்கிறது. புதிதாக இன்ஸ்டால் செய்து பூலை (இரண்டு டிஸ்கும் சேர்ந்த சேமிப்பிடம்) இம்போர்ட் செய்ததும் எல்லாம் வந்துவிட்டது. ஆனால் செட்டிங்ஸ் எல்லாம் அடங்கிய கான்ஃபிக் ஃபைலை ஒருமுறைகூட டவுன்லோட் செய்து வைக்காத புண்ணியவான் நான். யூசர், ஷேர், பெர்மிஷன் எல்லாவற்றையும் மறுபடி போட்டு முடிக்க இரவு இரண்டு மணி. வீட்டில் முறுக்கு சுட்டு முடித்து எல்லாரும் தூங்கியாயிற்று.

மறுநாளே சிம் லிம் ஸ்கொயர் போய் 120 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி (ஹார்டுடிஸ்க் மாதிரியே கேபிளில் மாட்டும் வகை) வாங்கினேன், 30 வெள்ளி சொச்சம். வேகம் கூடும் என்று ஆசைப்பட்டேன். ரீபூட் சட்டென்று ஆகிறது, செட்டிங்ஸ் பக்கம் உடனே திறக்கிறது, அவ்வளவுதான். ஃபைல் காப்பி முன்பு போலவே வினாடிக்கு 110 எம்பி. ஜிகாபிட் கேபிளில் அதற்கு மேல் போகாது, ஓஎஸ் எங்கே இருந்தால் என்ன?

எனக்குக் கிடைத்த உண்மையான லாபம் அமைதி. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பாம் ஷெல்டர் அறையில்தான் முதலில் பெட்டியை வைத்திருந்தேன். வெக்கை தாங்கவில்லை, அங்கே அரிசி மூட்டைக்கும் இடம் வேண்டுமாம். ஹாலுக்கு வந்ததிலிருந்து ராத்திரியெல்லாம் டிஸ்க் கரகரவென்று கடிக்கும். எஸ்எஸ்டி போட்டால் டிஸ்க் தூங்கும் என்று நினைத்தேன், தூங்கவில்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகுதான் தெரிந்தது: லாக் எல்லாம் எழுதப்படும் சிஸ்டம் டேட்டாசெட், பூலை இம்போர்ட் செய்தபோது ஹார்டுடிஸ்கிலேயே போய் உட்கார்ந்திருக்கிறது. அட்வான்ஸ்டு செட்டிங்ஸில் அதை பூட்-பூலுக்கு, அதாவது எஸ்எஸ்டிக்கு, மாற்றினேன். அன்றிரவே ஹால் நிசப்தம்.

கரண்ட் பில் பெரிதாகக் குறையும் என்று நம்பாதீர்கள். சும்மா சுற்றும் டிஸ்க் ஒன்றுக்கு 5 வாட் என்றால், இரண்டும் நாளுக்கு 20 மணி நேரம் தூங்கினால் மாதம் 6 யூனிட் மிச்சம். யூனிட் 30 காசு என்று வைத்தால் 1 வெள்ளி 80 காசு. ஒரு தே தாரிக் டீக்குச் சரியாகப் போகும்.

செங்காங் தம்பி:

அண்ணே, நான் மதர்போர்டில் நேரே செருகும் எம்.2 எஸ்எஸ்டி வாங்கிச் செருகினேன். பூட் ஆனது, ஆனால் நான்கு ஹார்டுடிஸ்கில் ஒன்றைக் காணோம். டிஸ்க் போச்சு என்று பதறி கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன். கடைசியில் போர்டு மேனுவலில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான்: எம்.2 ஸ்லாட்டில் சாட்டா வகை எஸ்எஸ்டி இருந்தால் ஒரு சாட்டா போர்ட் வேலை செய்யாது. சாட்டாவைப் பயன்படுத்தாத என்விஎம்இ வகைக்கு மாற்றியதும் நான்கும் வந்துவிட்டன. எல்லா போர்டும் இப்படி இல்லை, வாங்கும் முன் மேனுவலைப் புரட்டிவிடுங்கள்.

ஈசூன் அக்கா:

எஸ்எஸ்டிதான் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். ஓபன்மீடியாவால்ட்டில் (ட்ரூநாஸ் மாதிரி இன்னொரு ஓஎஸ்) எழுதுவதை ரேமில் பிடித்து வைக்கும் ஃப்ளாஷ்மெமரி பிளகின் போட்டு, ஒரே தம்டிரைவில் மூன்று வருஷம் ஓட்டினேன். பழைய லேப்டாப்பிலிருந்து ஒரு 60 ஜிபி எஸ்எஸ்டி சும்மா கிடைத்ததால்தான் மாறினேன். சாட்டா போர்ட் காலி இல்லை, யுஎஸ்பி அடாப்டரில் தொங்குகிறது. பழைய எஸ்எஸ்டி போடுபவர்கள், டிரைவ் தன் நிலையைத் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை முதலில் பாருங்கள், எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று அதில் இருக்கும்.

ஜூரோங்வாசி:

தம்பி, நல்லவேளை சொன்னாய். எம்.2 வாங்கலாம் என்றுதான் இருந்தேன். என் போர்டில் ஸ்லாட்டே இல்லையாம், இப்போதுதான் மேனுவலைத் திறந்தேன்.