ஒரே வாக்கியம் ஓரிடத்தில் உண்மை, இன்னோரிடத்தில் பொய்: எப்படி?

ரோஸ்ஹில் மாணவி:
வணக்கம். முதல்வரிசைத் தருக்கம் (‘ஒவ்வொரு’ என்பதை ∀ என்றும், ‘ஒன்றாவது உண்டு’ என்பதை ∃ என்றும் குறியால் எழுதும் தருக்கம்) படிக்கிறேன், தேர்வு நெருங்குகிறது. ∀க ∃ச ப(க, ச) உண்மையா பொய்யா என்று பார்த்தால், பொருள்கோள் தராமல் சொல்லவே முடியாது என்கிறார்கள். ‘ஒவ்வொரு க-வுக்கும், ப என்ற உறவு பொருந்தும் ஒரு ச உண்டு’ என்று வாக்கியமே சொல்லிவிடுகிறதே, அப்புறம் தனியாக என்ன பொருள் கொடுப்பது? மண்டை காய்கிறது, யாராவது விளக்குங்கள்.

மோக்கா ஆசிரியர்:
தங்கச்சி, ∀, ∃ இரண்டுக்கும் பொருள் எங்கேயும் மாறாது. ஆனால் ‘ஒவ்வொரு’ என்றால் எதில் ஒவ்வொன்று? ப என்பது என்ன உறவு? வாக்கியத்தில் இதற்குப் பதில் கிடையாது. பொருள்கோள்தான் அதைத் தருகிறது: முதலில் களம், அதாவது எவற்றைப் பற்றிப் பேசுகிறோம் என்பது (அது வெறுமையாக இருக்கக் கூடாது), பிறகு, களத்தில் உள்ளவற்றில் எந்தெந்தச் சோடிகளுக்கு ப பொருந்தும் என்பது.

நம் மொரீஷியஸ் தீவின் மூன்று மலைகளைக் களமாக எடுத்துக்கொள்: லெ பூஸ், பீட்டர் போத் (820 மீட்டர்), ரிவியேர் நுவார் சிகரம் (828 மீட்டர்). ப(க, ச) என்றால் ‘க-வை விட ச உயரம்’. லெ பூஸுக்குப் பீட்டர் போத் கிடைக்கிறது, பீட்டர் போத்துக்கு ரிவியேர் நுவார் கிடைக்கிறது, ரிவியேர் நுவாருக்கு யாரும் இல்லை, அதுதான் மொரீஷியஸிலேயே உயரம். ஆக வாக்கியம் பொய். இப்போது களத்தை இயல் எண்களாக்கி, ப-வை ‘க-வை விட ச பெரியது’ என்று வை. எந்த எண்ணுக்கும் ஒன்றைக் கூட்டினால் போதும், உண்மையாகிவிடும். வாக்கியத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, பார்.

ரோஸ்ஹில் மாணவி:
இப்போது புரிகிறது அண்ணா! அப்படியானால் களத்தில் முடிவில்லாமல் பொருள்கள் இருந்தால்தான் இது உண்மையாகுமா?

பாம்பிள்மூஸ்:
இல்லை. ப என்றாலே உயரம்தான் என்று யார் சொன்னது? அதே மூன்று மலைகளில் (லெ பூஸ், பீட்டர் போத்), (பீட்டர் போத், ரிவியேர் நுவார்), (ரிவியேர் நுவார், லெ பூஸ்) என்று வட்டமாக மூன்று சோடிகளைக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு மலைக்கும் ஒரு துணை கிடைத்துவிட்டது, வாக்கியம் உண்மை. அந்த உறவுக்குப் பேச்சில் ஒரு பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, சோடிகளின் கணம் இருந்தால் போதும். இதைப் பிடித்துக்கொண்டால் பாதி பாடம் முடிந்த மாதிரி.

மோக்கா ஆசிரியர்:
சரியாகச் சொன்னீர்கள். தங்கச்சி, இன்னொன்று: ‘ப தனக்குத்தானே பொருந்தாது’, ‘க-விலிருந்து ச-வுக்கும் ச-விலிருந்து த-வுக்கும் ப இருந்தால் க-விலிருந்து த-வுக்கும் இருக்கும்’ என்ற இரண்டையும் கூடவே சேர்த்தால், அப்போது நீ கேட்டது சரி, முடிவுள்ள எந்தக் களத்திலும் மூன்றும் சேர்ந்து உண்மையாகாது. வட்டச் சோடிகளில் எது உடைகிறது என்று நீயே போட்டுப் பார்.

ரோஸ்ஹில் மாணவி:
லெ பூஸிலிருந்து ரிவியேர் நுவாருக்குச் சோடி இல்லை, இரண்டாவது நிபந்தனை உடைகிறது. அதைச் சேர்த்தாலோ, வட்டம் சுற்றி லெ பூஸ் தன்னோடே சோடியாகிவிடும், முதல் நிபந்தனையும் போய்விடும். சரிதானே அண்ணா?

மோக்கா ஆசிரியர்:
அதேதான்.