சந்தியாகுவா, ஜேம்ஸா?

தெற்குவாடி (பாம்பன்):
மூத்தவன் பிறந்து நாற்பது நாள் ஆகிறது. எங்கள் வழக்கப்படி தலைப்பிள்ளைக்குத் தாத்தா பேர், அதாவது எங்கப்பா பேர் சந்தியாகு. மனைவியோ, "பள்ளிக்கூடத்தில் பையன்கள் சந்தியா, சந்தியா என்று கேலி செய்வார்கள். ஜேம்ஸ் என்று வையுங்கள்" என்கிறாள். அவள் பயத்திலும் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்குக் குடும்ப அட்டையில் சந்தியாகு, வாக்காளர் அட்டையில் சந்தியாகோ, இன்னொரு அட்டையில் கடைசி எழுத்து விழுந்து வெறும் சந்தியா. மானியம் வாங்கப் போன இடத்தில், "இது பொம்பளை பேராச்சே, அந்தம்மா வரலையா?" என்று திருப்பி அனுப்பினார்கள். அம்மா மூன்று நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. எந்தப் பேரைப் பதிவது?

ஓய்வு வாத்தியார் (தங்கச்சிமடம்):
தம்பி, சண்டையே வீண். சந்தியாகும் ஜேம்ஸும் ஒரே ஆள்தான், இயேசுவின் சீடர் யாக்கோபு. போர்த்துக்கீசியர் வாய்வழி வந்தது சந்தியாகு, வெள்ளைக்காரன் வாய்வழி வந்தது ஜேம்ஸ். நம் வேர்க்காட்டுக் கோயில் சந்தியாகப்பரும் அவரேதான். சூசை என்றால் ஜோசப், ராயப்பன் பீட்டர், சின்னப்பன் பால், அருளப்பன் ஜான்.

நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தால் முனியசாமி, சந்தியாகு, சூசை என்றே போகும். ஓய்வு பெற்ற வருடம் ஒரே வகுப்பில் ரித்திக், ரிதிக், ஹிருத்திக் என்று மூன்று பேர். முனியசாமி ஒருவன்கூட இல்லை. எல்லாரும் 'மு.' என்று பிள்ளைகளின் தலைப்பெழுத்தில் ஒளிந்திருந்தார்கள்.

எழுத்துக் குளறுபடியில் பாதி எங்கள் கைவேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆத்தாமார் வாயால் சொன்னதைக் காதில் விழுந்தபடி எழுதினோம். அப்படி அண்ணன் அந்தோணி, தம்பி அந்தோனிசாமி என்று போன வீடுகள் உண்டு.

கரைவலை (கீழக்கரை):
ஷெய்கு அப்துல் காதிரையே சீதக்காதி ஆக்கிய ஊர் எங்களுடையது! என் சான்றிதழில் வாப்பா பேர் முகைதீன், வாப்பா பாஸ்போர்ட்டில் மொய்தீன், தம்பி சான்றிதழில் முஹியித்தீன். விசாவுக்குப் போனால், "உங்களுக்கு எத்தனை தகப்பன்?" என்று கேட்காத குறை.

அவசரப்படாதீர்கள் அண்ணே. பிறப்புச் சான்றிதழில் பேர் சேர்க்க 12 மாதம் வரை கட்டணம் இல்லை. பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். ஆனால் பதிந்த பேரை மாற்றப் போனால் கெஜட் வரை அலைய வேண்டும். ஆங்கிலத்தில் 'டி'யை அடுத்து 'எச்' உண்டா இல்லையா என்று இப்போதே தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

தெற்குவாடி:
வாத்தியார் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப ஒங்கப்பன் இத்தனை நாளும் ஜேம்ஸா?" என்று சிரித்துவிட்டாள். சந்தியாகு ஜேம்ஸ் என்று முடிவாகிவிட்டது. ஒரே பேர்தான், இரண்டு தடவை. இதில் கூத்து என்னவென்றால், புருஷன் பேரை அம்மா வாயால் சொல்ல மாட்டாள். அதனால் பேரனை இப்போதே 'பெரியவரே' என்றுதான் கூப்பிடுகிறாள். 'எச்' மட்டும் பாக்கி, இன்று ராத்திரி பேச வேண்டும்.