ஃபுல் ஹுக்கப்பில் பிளாக் டேங்க் வால்வைத் திறந்தே வைக்கலாமா, கூடாதா?

ஏரிக்கரை:
மிச்சிகனில் இருக்கிறோம், பழைய ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) ஒன்று வாங்கி ஓட்டிக்கொண்டிருக்கிறோம். கழிவறைக்கு ஒரு பிளாக் டேங்க், சிங்க்குக்கும் குளியலுக்கும் சேர்த்து ஒரு கிரே டேங்க், ஒவ்வொன்றும் 30 கேலன், ஒவ்வொன்றையும் காலி செய்ய ஒரு வால்வு. இதுவரை மாநிலப் பூங்காக்களில்தான் தங்கினோம். அங்கே பெரும்பாலும் நம் இடத்தில் மின்சாரம் மட்டும்தான் இருக்கும், கிளம்பும்போது டம்ப் ஸ்டேஷனில் (ட்ரெய்லர் கழிவைக் கொட்டும் இடம்) நிறுத்திக் காலி செய்துவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவோம். வரும் ஜூலையில் முதல்முறையாக ஒரு தனியார் கேம்ப்கிரவுண்டில் இரண்டு வாரம் தங்கப் போகிறோம், தண்ணீர், மின்சாரம், சாக்கடைக் குழாய் மூன்றும் நம் இடத்திலேயே, அதாவது ஃபுல் ஹுக்கப். ட்ரெய்லர் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் "ஹோஸை மாட்டி இரண்டு வால்வையும் திறந்து விட்டுடுங்க, வீட்டில் போவது மாதிரி தானாகப் போயிடும்" என்கிறார். என் கணவருக்கு அதில் சந்தேகம். நாங்கள் நான்கு பேர், அதில் இரண்டு சின்னப் பிள்ளைகள். இன்னொன்று, காலி செய்த பிறகும் உள்ளே டேங்க் அளவைக் காட்டும் சென்சார் பலகையில் பிளாக் டேங்க் 2/3 என்றே காட்டுகிறது. இது ஏன்?

பைன்காடு:
கிரேயைத் திறக்கலாம், பிளாக்கைத் திறக்காதீர்கள். வால்வு திறந்திருந்தால் ஒவ்வொரு ஃப்ளஷ்ஷிலும் தண்ணீர் மட்டும் ஓடிப்போகும், மலமும் காகிதமும் விழுந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடும். கொஞ்ச நாளில் கழிவறைக் குழாய்க்கு நேர் கீழே மேடு கட்டும், வெயிலில் காய்ந்து இறுகிவிட்டால் அதைக் கரைக்க நாள்கணக்கில் தண்ணீர் ஊற்றி ஊறவைக்க வேண்டியதுதான். டேங்க்கின் அடி கிட்டத்தட்ட தட்டை. உள்ளே இருப்பதை வெளியே தள்ளுவது சரிவு இல்லை, தேங்கி நிற்கும் 20 கேலனுக்கு மேற்பட்ட தண்ணீர் 3 அங்குல வாய் வழியாக ஒரே மூச்சில் பாயும் வேகம்தான். அதனால் மூடியே வையுங்கள், முக்கால்வாசி நிறைந்ததும் முதலில் பிளாக் வால்வை இழுத்துத் திறங்கள், அது முடிந்ததும் கிரே வால்வை இழுங்கள், சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிக்கொண்டு போகும். வால்வை மூடியதும் கழிவறை வழியாக இரண்டு மூன்று கேலன் நல்ல தண்ணீர் ஊற்றிவிடுங்கள், அடி எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும்.

மணல்மேடு:
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. குளிர்காலம் முழுவதும் அரிசோனாவில் ஃபுல் ஹுக்கப்பில் இருப்பவன் நான். பிளாக் வால்வு திறந்தே இருக்கிறது, அடைத்துக்கொண்டதே இல்லை. அடைப்பு வருவதற்குக் காரணம் வால்வு இல்லை, தண்ணீர்க் கஞ்சத்தனம். குழாய்த் தண்ணீர் இருக்கும் இடத்தில் எதற்கு மிச்சம் பிடிக்க வேண்டும்? பெடலைப் பாதி அழுத்தி கிண்ணத்தில் நிறையத் தண்ணீர் ஏற்றிக்கொண்டு அப்புறம் முழுதாக அழுத்துங்கள், தண்ணீர் ஓட ஓட மனதுக்குள் பத்து எண்ணிவிட்டுக் காலை எடுங்கள். மூடி வைப்பதிலும் ஆபத்து இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. சென்சார் பொய் சொல்லும் என்று ஏரிக்கரையே எழுதியிருக்கிறார். நாலு பேர் இருக்கும் ட்ரெய்லரில் 30 கேலன் சில நாளில் நிறைந்துவிடும், நிறைந்தது தெரியாமல் பிள்ளை பெடலை மிதித்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பைன்காடு:
மணல்மேடு சார், ஒரு ஆளோ இரண்டு ஆளோ கவனமாகத் தண்ணீர் விட்டால் உங்கள் முறை ஓடும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "வீட்டில் போவது மாதிரி" என்று அந்த நண்பர் சொன்னது தவறு, அதைத்தான் எதிர்க்கிறேன். அமெரிக்க வீட்டுக் கழிவறையில் ஒரு ஃப்ளஷ்ஷுக்கு அதிகபட்சம் 1.6 கேலன் என்பது 1994 முதல் உள்ள வரம்பு. அந்தத் தண்ணீர் மொத்தமும் ஒரு குறுகலான குழாய்க்குள் விழுகிறது, அந்தக் குழாய் அடிக்குக் கால் அங்குலம் என்ற சரிவில் போட்டிருக்கும். ட்ரெய்லரில் நடப்பது வேறு. அதில் ஒரு சிறு பங்கு தண்ணீர்தான் விழும், அதுவும் ஒரு அகலமான தட்டைத் தரையில் விழுந்து நாலாப்பக்கமும் பரவும். பரவின தண்ணீருக்குத் தள்ளும் பலம் ஏது? பத்து எண்ணச் சொல்கிறீர்கள், ஆறு வயதுப் பிள்ளை ஒவ்வொரு தடவையும் எண்ணுமா?

அப்புறம் நாற்றம். சிங்க்குக்கும் ஷவருக்கும் கீழே வளைந்த குழாயில் எப்போதும் தண்ணீர் நிற்கும், கீழேயிருந்து காற்று ஏறாமல் அது தடுக்கும். ட்ரெய்லர் கழிவறையில் அந்த வளைவு கிடையாது, கிண்ணத்துக்கு அடியில் ஒரு ரப்பர் வளையமும் அதன்மேல் நிற்கும் கொஞ்சம் தண்ணீரும் மட்டும்தான். பிளாக் வால்வைத் திறந்து வைத்தால் கேம்ப்கிரவுண்டின் மொத்தச் சாக்கடைக்கும் உங்கள் படுக்கைக்கும் நடுவில் இருப்பது அந்த ரப்பர் ஒன்றுதான். வடிகால் ஈக்களும் அதே வழியில் ஏறும்.

மணல்மேடு:
நாற்றம் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்கிறேன், இது வால்வு மூடியிருந்தாலும் பொருந்தும். குளியலறைக் கூரை விசிறி ஓடும்போது ஃப்ளஷ் செய்தால் டேங்க்கின் காற்றை நீங்களே மேலே இழுக்கிறீர்கள். விசிறியை நிறுத்திவிட்டு ஃப்ளஷ் செய்யுங்கள், பாதிப் புகார் அதோடு தீர்ந்துவிடும். ரசாயனம் வாங்கி ஊற்றத் தேவையே வராது.

கிணற்றடி:
ரசாயனம் என்றதால் வருகிறேன். டெக்ஸஸில் செப்டிக் டேங்க் வேலை செய்பவன், கேம்ப்கிரவுண்டுகளுக்கும் போவதுண்டு. ஊருக்கு வெளியே இருக்கும் கேம்ப்கிரவுண்டுகள் நிறைய செப்டிக் டேங்க்கில்தான் ஓடுகின்றன, நகராட்சிச் சாக்கடையில் இல்லை. செப்டிக்கில் வேலை செய்வது பாக்டீரியா. ட்ரெய்லர் கழிவு வீட்டுக் கழிவைவிடப் பல மடங்கு கெட்டியானது, ஏனென்றால் அதில் கலக்கும் தண்ணீர் குறைவு. அதன்மேல் ஃபார்மால்டிஹைட் கலந்த நீலத் திரவத்தையும் ஊற்றிக்கொண்டு வந்தால், அது உங்கள் டேங்க்கில் நாற்றத்தைக் கொல்வதற்காக எந்தக் கிருமியைக் கொன்றதோ அதே வேலையை செப்டிக்கிலும் செய்யும். அங்கே பாக்டீரியா செத்தால் கரையாத கழிவு வடிகால் நிலத்துக்குள் (செப்டிக் தண்ணீர் ஊறி இறங்கும் மண்) தள்ளப்பட்டு மண்ணை அடைத்துவிடும், அந்த நிலத்தைத் தோண்டி மாற்றும் செலவு கடைசியில் நம் இட வாடகையில்தான் வரும். கலிஃபோர்னியாவில் ஃபார்மால்டிஹைட் உள்ள தொட்டித் திரவங்களை விற்கவே கூடாது. மற்ற மாநிலங்களில் கடையில் கிடைக்கிறது என்பதால் அது நல்லது என்று ஆகிவிடாது. புட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

வால்வு விஷயத்தில் நான் பைன்காடு பக்கம். இறுகிப்போன டேங்க்குகளைத் திறந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவற்றின் சொந்தக்காரர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் வால்வைத் திறந்து வைத்தவர்கள்.

மணல்மேடு:
அவர்கள் தண்ணீர் விடாதவர்கள். திறந்து வைத்து நிறையத் தண்ணீரும் விடுபவர் உங்களைக் கூப்பிட மாட்டார், அதனால் அவர் டேங்க்கை நீங்கள் பார்த்திருக்க முடியாது.

கிணற்றடி:
அது நியாயமான வாதம்தான். ஆனாலும் புதிதாகத் தொடங்குபவருக்கு, ஒரு நாள் கவனம் பிசகினாலும் கெடாத முறையைத்தான் சொல்லித்தர வேண்டும். மூடி வைத்தால் பிசகு உடனே தெரிந்துவிடும், கிண்ணத்தில் தண்ணீர் இறங்காது. திறந்து வைத்தால் மேடு கட்டுவது மாதக்கணக்கில் தெரியாது.

ஏரிக்கரை:
எல்லோருக்கும் நன்றி. சென்சார் பற்றி யாரும் சொல்லவில்லையே? பிளாக் டேங்க்கில் ஐஸ் கட்டி இரண்டு பை போட்டு வண்டியை ஓட்டினால் உள்சுவர் சுரண்டிச் சுத்தமாகும் என்று கேள்விப்பட்டேன். துணி சோப்பும் தண்ணீர் மென்மையாக்கும் தூளும் கலந்து ஊற்றச் சொல்கிறார்களே, அது?

பைன்காடு:
சென்சார் என்பது டேங்க் சுவரில் வெவ்வேறு உயரத்தில் பதித்த உலோக முனைகள், அவ்வளவுதான். தண்ணீர் முனையைத் தொட்டால் மின்சாரம் பாயும், விளக்கு எரியும். ஈரக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பாயும். உங்களுக்கு 2/3 முனையில் ஏதோ ஒட்டியிருக்கிறது.

ஐஸை நான் நம்பவில்லை. ஐஸ் மிதக்கும், அடியில் இருப்பதைச் சுரண்டாது, கோடையில் நெடுஞ்சாலை ஏறுவதற்குள் பாதி கரைந்துவிடும். பாதி டேங்க் வெறும் தண்ணீரோடு வளைவான சாலையில் ஒரு மணி நேரம் போனாலே அதே அலசல் கிடைக்கும். வெளிச்சுவரில் பிளாக் டேங்க் ஃப்ளஷ் என்று ஒரு ஹோஸ் இணைப்பு இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது உள்ளே பீச்சி அடித்துக் கழுவும். ஆனால் அதைப் பயன்படுத்தும்போது வால்வு திறந்திருக்க வேண்டும், ஆளும் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மூடியிருந்தால் சில நிமிடங்களில் நிறைந்து மேலே வந்துவிடும். குடிதண்ணீர் ஹோஸை எந்தக் காரணத்துக்காகவும் அங்கே மாட்டாதீர்கள், இதற்கென்று வேறு நிறத்தில் ஒன்று வாங்கி வேறு பெட்டியில் வையுங்கள்.

மணல்மேடு:
சோப்பும் தூளும் நான் போடுகிறேன். தூள் இருந்தால் பிளாஸ்டிக் சுவரில் ஒட்டுவது குறைகிறது, என் சென்சார் சரியாகக் காட்டுகிறது.

பைன்காடு:
தண்ணீர் அதிகம் விடுவதால்தான் சரியாகக் காட்டுகிறது, தூளால் என்று எனக்குத் தோன்றவில்லை. கெடுதல் இல்லை, வேண்டுமானால் போடுங்கள்.

சாலையோரம்:
நாங்கள் ஹுக்கப்பே இல்லாமல் மேற்கில் பிஎல்எம் (கூட்டாட்சி அரசின் நில மேலாண்மை அமைப்பு) நிலங்களில் தங்குகிறவர்கள். எங்களுக்கு முதலில் நிறைவது கிரே. கூட்டாட்சி விதிப்படி பிஎல்எம் நிலத்தில் கழிவறைத் தண்ணீரைத்தான் கொட்டக் கூடாது, கழுவிய தண்ணீருக்கு விலக்கு உண்டு. பாத்திரம் கழுவின தண்ணீர் பாலைவனச் செடிக்குப் போவதில் என்ன தவறு?

பைன்காடு:
அந்த விலக்கு இருப்பது உண்மைதான், ஆனால் அது பிஎல்எம்மின் பொது விதி. மாநில, வட்டார விதி கடுமையாக இருந்தால் அதுதான் உங்களைக் கட்டுப்படுத்தும். தேசியப் பூங்காக்களில் ட்ரெய்லரிலிருந்து கழிவுநீரை அதற்கான இடத்தில் தவிர வேறெங்கும் விடக் கூடாது. அரிசோனாவில் குவார்ட்சைட் பக்கம் பிஎல்எம்மின் நீண்டகாலம் தங்கும் பகுதிகளில், பொதுக் கழிவறைக்குப் பக்கத்தில் தவிர, வண்டியோடு நிலையாகப் பொருத்திய, குறைந்தது 10 கேலன் கழிவுநீர்த் தொட்டி இருந்தால்தான் அனுமதி. சட்டத்தை விடுங்கள். கிரேயில் எண்ணெய், சோற்றுப் பருக்கை, கறித்துண்டு எல்லாம் இருக்கிறது, அடுத்து வருபவர் அதே இடத்தில்தான் கூடாரம் போடுவார். எலியும் ஈயும் வரும், கரடி இருக்கும் காட்டில் கரடியும் வரும். சக்கரம் வைத்த சிறு தொட்டி ஒன்று வாங்கி டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துப் போங்கள்.

சாலையோரம்:
30 கேலன் என்றால் 250 பவுண்டு, கையால் இழுக்க முடியுமா? எங்களுக்கு டம்ப் ஸ்டேஷன் 40 மைல்.

பைன்காடு:
பாதி பாதியாக நிரப்பி பிக்கப்பில் ஏற்றலாம். கழிவை அரைத்துத் தள்ளும் கையடக்க பம்ப் ஒன்று 12 வோல்ட்டில் ஓடும், தோட்டத்து ஹோஸ் அளவு குழாய் வழியாகவே மேலே ஏற்றிவிடும். பாத்திரத்தைக் காகிதத்தால் துடைத்துவிட்டுக் கழுவினால் கிரே நிறைவதும் தள்ளிப்போகும். தூரம் என்பதற்காகத் தரையில் விடுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஏரிக்கரை:
எங்கள் முடிவு இது. பிளாக் மூடியே இருக்கும், தினமும் காலையில் கணவர் டார்ச் அடித்துக் கிண்ணம் வழியாக உள்ளே பார்ப்பார், பலகையை நம்பப் போவதில்லை. கிரே திறந்திருக்கும், பிளாக்கைக் காலி செய்வதற்கு முந்தின நாள் அதையும் மூடி சோப்புத் தண்ணீர் சேர்த்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குப் பத்து எண்ணுவதும் சொல்லித்தந்தாயிற்று, அது மணல்மேடு சாரிடமிருந்து எடுத்தது. டேங்க்கில் தண்ணீர் தவிர எதுவும் ஊற்றப் போவதில்லை.

மணல்மேடு:
நான் திறந்துதான் வைப்பேன், அதில் மாற்றம் இல்லை. ஆனால் நாலு பேர், பிள்ளைகள், இரண்டு வாரம் என்றால் உங்கள் முடிவில் குறை சொல்ல மாட்டேன். ஹோஸ் போகும் வழியில் எங்கேயும் பள்ளம் விழாமல் தாங்கி வைத்துச் சரிவாகப் போடுங்கள், தரைக் குழாயில் நுழையும் முனையை மரை உள்ள வளைவால் திருகி இறுக்குங்கள். சும்மா செருகி வைத்தால் வால்வை இழுக்கும்போது எகிறிவிடும்.

கிணற்றடி:
பழைய ட்ரெய்லர் என்று சொன்னீர்கள், அதனால் ஒன்று. ஹோஸ் மாட்டுவதற்கு முன்னால் குழாய் வாயின் மூடியைச் சட்டென்று கழற்றாதீர்கள். கையுறை போட்டு, கீழே ஒரு வாளி வைத்து, கொஞ்சமாகத் திருகிப் பாருங்கள். பழைய வால்வின் ரப்பர் தேய்ந்திருந்தால் மூடிக்குப் பின்னால் ஒரு குவளை அளவாவது தேங்கியிருக்கும். சொட்டினால் ஜூலைக்கு முன் ரப்பரை மாற்றுங்கள், அதுவரைக்கும் வாயில் திருகிப் பொருத்தும் கூடுதல் வால்வு ஒன்று கடைகளில் கிடைக்கும், அதை மாட்டிக்கொண்டால் போதும்.