ரிவெட்மென்ட்: ‘அலைகல் சரிவு’ எனலாமா?

ஐயா, வணக்கம். கடல் அரிக்காமல் இருக்கக் கரைச் சரிவில் கல் அடுக்கும் ரிவெட்மென்டுக்கு (revetment) நீங்கள் தந்த ‘கரைக்காப்புச் சுவர்’ என்ற தமிழ்ச்சொல் எனக்கு ஒட்டவில்லை. சுவர் என்றதும் நிமிர்ந்து நிற்கும் ஒன்றுதான் மனதில் வருகிறது. நாம் பேசுவதோ கரையோடு சரிந்து கிடக்கும் கல்லடுக்கு. செங்குத்துச் சுவரில் மோதும் அலை திரும்பிப் பாய்ந்து, சுவரின் அடிமணலையே பறித்துவிடும். சரிவில் ஏறும் அலை கல் இடுக்குகளில் புகுந்து, வேகம் செத்து வடிந்துவிடும். வேலை வேறு, பெயரும் வேறாக இருக்கட்டும். செய்தித்தாள்களுக்கு எல்லாமே ‘தடுப்புச் சுவர்’தான், அதை விடுங்கள்.

புதுச்சொல் தேடி அலைய வேண்டியதில்லை. நம் இராமநாதபுரம் கண்மாய்ச் சீமை. கண்மாய்க் கரையின் உட்புறம், தண்ணீர் அலசும் பக்கத்தில் பதிக்கும் கல்லுக்கு ‘அலைகல்’ என்று பெயர் இருக்கிறதே. அதையே கடற்கரைக்கும் கொண்டுபோய் ‘அலைகல் சரிவு’ என்போம்.

கண்மாய் அலையும் கடலலையும் ஒன்றா என்று கேட்பீர்கள். இல்லைதான். அலையின் உயரம் இரண்டு மடங்கானால் கல்லின் எடை 8 மடங்காக வேண்டும் என்கிறது, அலைக்கு ஈடுகொடுக்கும் கல்லின் எடையைக் கணக்கிடும் ஹட்சன் வாய்பாடு. கண்மாயில் ஓர் ஆள் தூக்கிப் பதிக்கிற கல், கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் நிற்காது. கடல் சீறிய மறுநாள் தனுஷ்கோடி ரோட்டில் போனால் தெரியும், மணலும் சிறு கல்லும் ரோட்டில் ஏறிக் கிடக்கும்.

கடலில் ஒற்றை அடுக்கும் போதாது. மேலே பெருங்கல், அதன் கீழே சிறுகல், அடியில் மணலைப் பிடித்து வைக்கும் வடிகட்டித் துணி. துணி கிழிந்தால் இடுக்கு வழியே மணல் கசிந்துபோய் மேலே உள்ள கல் மெல்ல இறங்கும். பார்ப்பவர்கள் கடல் கல்லை இழுத்துக்கொண்டது என்பார்கள். அதனால் மேலடுக்கு ‘அலைகல்’, கீழடுக்கு ‘வடிகல்’, மொத்தமும் ‘அலைகல் சரிவு’. வடிகல் என் கைச்சரக்கு, பிடிக்காவிட்டால் தள்ளிவிடுங்கள்.

கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிக் கட்டும் குரோய்னுக்கு (groyne) ‘குறுக்கணை’ வேண்டவே வேண்டாம். ‘தூண்டில் வளைவு’ மீனவர் வாயிலும் அரசு அறிவிப்பிலும் ஊறிவிட்டது. நேராகக் கட்டினாலும் அதே பெயர்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்புறம், சரிவின் கீழ்நுனி. பெரும்பாலும் அங்கே மண் பறிபட்டுத்தான் மொத்தமும் குலைகிறது, எனவே தனிச்சொல் தேவை. ‘அடிக்கல்’ என்றால் யாராவது நாட்டுவதற்குக் கிளம்பி வந்துவிடுவார்கள். ‘கால்வரிசை’ என்று இப்போதைக்குக் குறித்திருக்கிறேன். கரை வேலை பார்க்கும் கொத்தனார்களிடம் வேறு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்.