பழைய ஜீப்புக்கு ஷாக் அப்சார்பர்: ஆயிலா, கேஸா?

கேள்வி: 2009 மாடல்ணா, பின் ஷாக்ல ஆயில் கசிஞ்சு புழுதி அப்பிக் கிடக்கு, கோத்தகிரில இருந்து மேட்டுப்பாளையம் இறங்குறதுக்குள்ள அம்மாவுக்கு இடுப்பு விட்டுப்போகுது. சொகுசுதான் முக்கியம், எது போடலாம்?

பதில்: ஆயில் மெத்துன்னு போகும் தம்பி, ஆனா குண்டும் குழியுமா விடாம குலுக்குனா சூடாகி நுரைச்சிரும், அப்புறம் வண்டி தொட்டில் மாதிரி ஆடும். ஆயிலோட கேஸும் அடைச்ச ஷாக்ல அது கம்மி, கொஞ்சம் விறைப்பு. ஊட்டி பக்கம் கல்லட்டி மலைப்பாதை 36 வளைவும் நான் கேஸ்லதான் ஏத்துறேன். எதுன்னாலும் ஜோடியா மாத்துங்க.

பதில்: ஷாக் முனையில இருக்குற ரப்பர் புஷ்ஷோட போல்ட்டை வண்டி ஜாக்கில தொங்கும்போதே முறுக்க விடாதீங்க. சக்கரம் தரையில நின்னப்புறம் இறுக்கணும், இல்லன்னா ரப்பர் சீக்கிரம் கிழியும். காத்து அதிகமா இருந்தாலும் குலுக்கும், டயர்ல எவ்வளவு PSI?

கேட்டவர்: இப்பதான் பாத்தேன்.. 42 இருக்குணா, ரொம்ப அதிகம் 🙈