செரெங்கெட்டியும் சான்சிபாரும் ஒன்பது நாளில்: முகவர் தந்த இந்தத் திட்டம் சரிதானா? (அவசரம்)

காவிரிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். குடும்பத்துடன் முதன்முறையாக ஆப்பிரிக்கா செல்லவிருக்கிறோம். காட்டு விலங்குகளையும் பார்க்க வேண்டும், பிறகு கடற்கரையில் சில நாள் ஓய்வாகவும் இருக்க வேண்டும். முகவர் அனுப்பிய திட்டம் இது: முதல் நாள் கென்யாவின் நைரோபியில் இறங்கி அன்றே சாலை வழியாகத் தான்சானியாவிலுள்ள அருஷா, இரண்டாம், மூன்றாம் நாள்கள் செரெங்கெட்டி தேசியப் பூங்கா, நான்காம் நாள் ஙொரொங்கொரோ எரிமலைப் பள்ளம், ஐந்தாம் நாள் மீண்டும் அருஷா, ஆறாம் நாள் தார் எஸ் சலாம் வரை வண்டி, ஏழாம் நாள் படகில் சான்சிபார் தீவு, எட்டாம் நாள் அங்கே ஓய்வு, ஒன்பதாம் நாள் விமானத்தில் நைரோபி வந்து ஊர் திரும்புதல். இந்த வரிசை சரிதானா? நாளை மாலைக்குள் முன்பணம் கட்டச் சொல்கிறார்கள்.

உப்புக்காற்று:
எந்த மாதம், எத்தனை பேர், குழந்தைகளும் முதியவர்களும் உண்டா, விமானச் சீட்டு எடுத்தாயிற்றா, எந்த ஊருக்கு எடுத்தீர்கள்? இவற்றைச் சொல்லாமல் வரிசையைப் பற்றிப் பேச இயலாது. கிழக்கு ஆப்பிரிக்காவில் மாதத்தைச் சொன்னால் பாதி விடை தானே கிடைத்துவிடும்.

நெடுவழி:
இதே கேள்விக்கு நான் பலமுறை விரிவாக எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன் பழைய இழைகளைப் படிக்கும் பொறுமை யாருக்கும் இல்லை. முதற்பயணம் போகிறவர்கள் செரெங்கெட்டி என்ற பெயருக்காகவே தான்சானியாவுக்கு ஓடுகிறார்கள். நைரோபியில் இறங்குகிறவர் செய்ய வேண்டியது ஒன்றுதான். 2017 முதல் ஓடும் அகலமான புதிய பாதை ரயிலில் ஏறி வோயில் இறங்குங்கள். அங்குள்ள கிழக்கு சாவோ தேசியப் பூங்காவில் செம்மண்ணில் புரண்டு உடல் முழுவதும் சிவந்த யானைகளை இரண்டு நாள் பாருங்கள். அங்கிருந்து மொம்பாசா ஏறத்தாழ 150 கி.மீ. தொலைவுதான், அதன் தெற்கே டியானி கடற்கரை. பழைய ரயில் பாதையை இந்தியத் தொழிலாளர்கள் போட்டுக்கொண்டிருந்தபோது, 1898இல், இரண்டு சிங்கங்கள் அவர்களை வேட்டையாடியது இதே சாவோவில்தான். இத்தனை வரலாறு உள்ள இடத்தை விட்டுவிட்டு எல்லை கடப்பது எனக்குப் புரியவில்லை.

காவிரிக்கரை:
மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுவிட்டேன். ஐந்து பேர். நானும் மனைவியும், இரண்டு பிள்ளைகள், என் அம்மா. சென்னையிலிருந்து நைரோபி போய்வரச் சீட்டு எடுத்தாயிற்று. பள்ளி விடுமுறையில்தான் போக முடியும். விலங்குகள் கூட்டம் கூட்டமாக ஆற்றைக் கடக்கும் காட்சியைப் பிள்ளைகள் காணொளியில் பார்த்துவிட்டு அதையே கேட்கிறார்கள்.

சுவாகிலிக்கரை:
நான் தார் எஸ் சலாமில் வேலை பார்க்கிறேன். இந்தச் சாலைகளில் பலமுறை சென்றிருக்கிறேன். முதலில் தூரத்தைக் கணக்கிடுங்கள். நைரோபியிலிருந்து நமங்கா எல்லை வழியாக அருஷா ஏறத்தாழ 270 கி.மீ.; எல்லையில் நிற்கும் நேரத்தையும் சேர்த்தால் ஆறு மணி நேரம். அருஷாவிலிருந்து செரெங்கெட்டியின் நடுவிலுள்ள செரோனேரா 300 கி.மீ.க்கு மேல், ஙொரொங்கொரோ வாயிலோடு தார்ச் சாலை முடிந்துவிடுவதால் ஏழெட்டு மணி நேரம் ஆகும். அருஷாவிலிருந்து தார் எஸ் சலாம் 600 கி.மீ.க்கும் அதிகம், விடியலில் புறப்பட்டால் இருட்டியபின் வந்து சேரலாம். எல்லாவற்றையும் கூட்டினால் ஒன்பது நாளில் ஏறத்தாழ 1,500 கி.மீ. வண்டிக்குள் உட்கார்ந்திருப்பீர்கள்; கடற்கரையில் முழுதாகக் கிடைப்பது ஒரே ஒரு நாள். கற்சாலையில் உடல் குலுங்குவதை இங்குள்ள ஓட்டுநர்கள் ‘ஆப்பிரிக்க மசாஜ்’ என்று சொல்வார்கள். பிள்ளைகள் தாங்கிக்கொள்வார்கள், உங்கள் அம்மாவைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

பள்ளி விடுமுறை என்றால் ஏப்ரலா, மேயா? அது நீண்ட மழைக்காலம். சுவாகிலியில் ‘மசிகா’ என்பார்கள். மார்ச் நடுவில் தொடங்கி மே வரை நீடிக்கும். அந்த மாதங்களில் பல விடுதிகள் மூடியே இருக்கும். ஆறு கடக்கும் காட்சியும் அப்போது கிடைக்காது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்டுகள் (மாடு போன்ற தோற்றமுள்ள பெரிய மான் இனம்) மழையையும் புதுப்புல்லையும் தொடர்ந்து ஆண்டு முழுவதும் வட்டமிடுகின்றன. பிப்ரவரி வாக்கில் செரெங்கெட்டியின் தெற்குச் சமவெளியில் கன்று ஈனும். மே மாதம் நடுப்பகுதியையும் மேற்கையும் நோக்கி நகரும். மாரா ஆற்றைக் கடப்பது பெரும்பாலும் ஜூலை முதல் அக்டோபர் வரை. இதைப் பிள்ளைகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள். அங்கே போய் ஏமாறக் கூடாது.

மலைத்தேன்:
ஒரு யோசனை. வரைபடத்தில் பார்த்தால் கென்யாவின் மசாய் மாராவும் செரெங்கெட்டியும் ஒட்டியே இருக்கின்றன. விலங்குகள் கடக்கிற அதே இடத்தில் நாமும் வண்டியோடு கடந்துவிட்டால் அருஷா சுற்று முழுவதும் மிச்சமாகுமே? நைரோபியிலிருந்து மாரா, மாராவிலிருந்து நேராகச் செரெங்கெட்டி, அங்கிருந்து சிறு விமானத்தில் சான்சிபார்.

சுவாகிலிக்கரை:
பலரும் இப்படி நினைக்கிறார்கள். அந்த வழியே பயணிகளுக்கு அனுமதி இல்லை. 1977இல் கிழக்கு ஆப்பிரிக்கச் சமூகம் (கென்யா, உகாண்டா, தான்சானியா ஆகியவற்றின் கூட்டமைப்பு) முறிந்தபோது தான்சானியா எல்லையை மூடியது. பிறகு மற்ற வாயில்கள் திறந்தாலும் இரு காடுகளுக்கும் நடுவிலுள்ள பொலொகோஞ்சா வாயில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறக்கப்படவில்லை. மேற்கே இசெபானியா எல்லை வாயில் வரை சுற்றிக்கொண்டு போக வேண்டும். அங்கே ஒரு நாட்டு வண்டியை விட்டு மறு நாட்டு வண்டிக்கு மாற வேண்டியிருக்கும். உங்கள் யோசனையில் மிச்சமாகும் நேரம் அங்கேயே போய்விடும்.

வெண்ணிறச்சீருடை:
நான் செவிலியர். யாரும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் பற்றிப் பேசவில்லை. கென்யாவிலிருந்து தான்சானியாவுக்குள் நுழைபவர்களிடம் தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். அதைவிட முக்கியம், கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது சான்று இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைக்க விதி இருக்கிறது. ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும். அதன்பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னையில் கிண்டி கிங் ஆய்வகத்திலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஊசி போடும் நாள்களைக் கேட்டுக்கொண்டு செல்லுங்கள்.

உங்கள் அம்மாவுக்கு என்ன வயது? அறுபதைக் கடந்தவர்கள் இந்த ஊசியை முதன்முறையாகப் போட்டுக்கொள்ளும்போது அரிதாகக் கடுமையான பின்விளைவு வரக்கூடும். இளையவர்களைவிட அவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம். எனவே அவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். ஊசி கூடாதென்றால் விலக்குச் சான்று பற்றியும் அப்போதே கேளுங்கள். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் சொல்லிவிட வேண்டும். மலேரியா மாத்திரையைப் பற்றியும் அதே மருத்துவரிடம் பேசிவிடலாம். முன்பணம் கட்டும் முன் இது முடிவாக வேண்டும்.

காவிரிக்கரை:
மிக்க நன்றி சகோதரி. அம்மாவுக்கு 67 வயது, முழங்கால் வலியும் உண்டு. முகவர் ஊசியைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. பயணம் மே 4 முதல் 12 வரை. கட்டணம் செலுத்தினால் தேதியை மாற்றலாம் என்று சீட்டில் இருக்கிறது. நுழைவு அனுமதிக்கு மூன்று நாட்டுக்கும் பொதுவான கிழக்கு ஆப்பிரிக்க விசா ஒன்றே போதும் என்று முகவர் சொன்னார்.

உப்புக்காற்று:
அந்த 100 டாலர் பொது விசா கென்யா, உகாண்டா, ருவாண்டா ஆகிய மூன்றுக்குமானது. தான்சானியா அதில் சேராது. 2024 ஜனவரி முதல் கென்யாவுக்கு இணைய வழி முன்னனுமதி, தான்சானியாவுக்குத் தனியாக ஒரு விசா, இவை தவிர சான்சிபாரில் இறங்கும் வெளிநாட்டவர் 2024 அக்டோபர் முதல் அங்குள்ள காப்பீட்டையும் கட்டாயம் எடுக்க வேண்டும். வயது வந்தவருக்கு 44 டாலர். இத்தனையையும் ஐந்து பேருக்குப் பெருக்கிப் பாருங்கள்.

நெடுவழி:
ஆக, நான் முதலிலேயே சொன்ன இடத்துக்குத்தான் எல்லோரும் வந்து சேர்ந்திருக்கிறீர்கள். கென்யாவுக்குள்ளேயே இருங்கள், ரயிலில் செல்லுங்கள், சாவோவைப் பாருங்கள், டியானியில் குளியுங்கள். சான்சிபாரின் கிழக்குக் கரையில் பாதி நாள் கடலே இருக்காது. அதைச் சொர்க்கம் என்று விற்கிறார்கள்.

உப்புக்காற்று:
கென்யாவுக்குள் இருக்கலாம் என்பதை ஏற்கிறேன். மே முதல் வாரத்தில் டியானியில் குளியுங்கள் என்பதை ஏற்க மாட்டேன், ஐயா. மொம்பாசாக் கரையில் ஆண்டிலேயே அதிக மழை பெய்வது மே மாதத்தில்தான். சான்சிபாரிலாவது மழையின் உச்சம் ஏப்ரலோடு முடிந்துவிடும். சாவோவுக்கும் அதே தடை உண்டு: மழைக்குப்பின் புதர் அடர்ந்துவிடுவதால் அருகில் நிற்கும் யானைகூடக் கண்ணுக்குத் தெரியாது. முதன்முறை போகும் பிள்ளைகளுக்கு மாராவின் திறந்த புல்வெளிதான் ஏற்றது. இடம்பெயராத சிங்கமும் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் அங்கே ஆண்டு முழுவதும் இருக்கின்றன.

நெடுவழி:
மாராவில் மழை பெய்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியுமா? முழுவதும் கரிசல் மண். வண்டி அச்சுவரை இறங்கிவிடும். நான் அரை நாள் அப்படி நின்றிருக்கிறேன்.

சுவாகிலிக்கரை:
கரிசலைப் பற்றி நெடுவழி சொல்வது உண்மை. ஆனால் சான்சிபாரின் கடலைப் பற்றி அவர் சொன்னதில் பாதிதான் சரி. நம் மெரினாவில் ஓதத்தை (கடல்நீர் ஏறி வற்றுவதை) பார்த்துக் கடலுக்குப் போகும் வழக்கம் இல்லை, ஏனென்றால் சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவுதான். சான்சிபாரில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரை நெருங்கும். பாஜே, ஜம்பியானி போன்ற கிழக்குக் கரை ஊர்களில் தரை சரிவில்லாமல் கிடப்பதால், வற்றின்போது கடல் நெடுந்தூரம் பின்வாங்கிவிடும். அந்த வெளியில்தான் ஊர்ப் பெண்கள் குச்சி நட்டுக் கயிறு கட்டிக் கடற்பாசி பயிரிடுகிறார்கள். வற்று நேரத்தில் இறங்கி நடந்தால் அந்த வேலையை அருகிலிருந்தே பார்க்கலாம். எனக்கு அந்தத் தீவில் மிகவும் பிடித்தது அதுதான். அதைக் கடலே இல்லாத கரை என்று தள்ளிவிட முடியவில்லை. நாள் முழுவதும் குளிக்க வேண்டுமென்றால் வடக்கே நுங்வி, கெண்ட்வா பக்கம் தங்க வேண்டும். டியானியிலும் பவளத்திட்டுக்கு உட்புறம் வற்றில் நீர் குறையும். எந்தக் கரைக்குப் போனாலும் விடுதியில் ஓத நேரம் கேட்டுக்கொள்ளுங்கள், நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். பிள்ளைகளுக்கு ரப்பர்ச் செருப்பு அவசியம். பாறை இடுக்குகளில் காலில் முள் குத்தும் கடல் முள்ளெலிகள் இருக்கும்.

உப்புக்காற்று:
காவிரிக்கரை, உங்கள் நிலைக்கு நான் சொல்வது இதுதான். தேதியை மே கடைசிப் பத்து நாளுக்கு மாற்றுங்கள். மழை அப்போதும் முற்றிலும் நிற்காது, ஆனாலும் ஒவ்வொரு நாளும் குறைந்துகொண்டே வரும். இடையில் கிடைக்கும் நாள்களில் ஊசியும் அம்மாவின் மருத்துவ ஆலோசனையும் முடிந்துவிடும். காட்டை முதலிலும் கடலை இறுதியிலும் வையுங்கள். அப்படிச் செய்தால் வறண்ட நாள் கடற்கரைக்குக் கிடைக்க வாய்ப்பு அதிகம், விடியற்காலை எழுந்து களைத்த உடம்புக்கும் ஓய்வு கிடைக்கும். நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து மாராவுக்குச் சிறு விமானம் முக்கால் மணி நேரத்தில் போய்விடும். சாலையில் சென்றால் ஐந்தாறு மணி நேரம். மாராவில் மூன்று இரவு தங்கிவிட்டு, அங்கிருந்து டியானிக்கு அருகிலுள்ள உகுண்டாவுக்குச் சிறு விமானத்திலேயே செல்லலாம். விமானச் செலவு கூடும். ஆனால் மாராவின் நுழைவுக் கட்டணம் ஜூலை முதல் டிசம்பர் வரை வயது வந்தவருக்கு நாளொன்றுக்கு 200 டாலர், ஜூன் வரை 100 டாலர்தான். இரண்டாவது நாட்டு விசாவும் மிச்சம். செரெங்கெட்டி வேண்டாம் என்று சொல்ல எனக்கும் மனமில்லை. பிள்ளைகள் கேட்ட ஆற்றுக் காட்சிக்காக ஓர் ஆண்டு ஆகஸ்டில் பள்ளியில் விடுப்பு வாங்கி அதற்கென்றே செல்லுங்கள்.

வெண்ணிறச்சீருடை:
சிறு விமானத்தில் ஆளுக்கு 15 கிலோதான், அதுவும் துணிப்பையாக இருக்க வேண்டும். சக்கரம் வைத்த கெட்டிப் பெட்டியை ஏற்ற மாட்டார்கள். 2017 முதல் கென்யாவில் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை உண்டு. முறுக்கும் பொடியும் கட்டி எடுத்துச் செல்வதென்றால் டப்பாவில் வையுங்கள்.

காவிரிக்கரை:
முன்பணம் கட்டவில்லை. சீட்டை மே 21க்கு மாற்றிவிட்டேன். மாரா மூன்று இரவு, டியானி நான்கு இரவு. அம்மாவுக்குச் செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கிறோம். அவர் வேண்டாம் என்றால் அம்மா வரமாட்டார், தங்கை வீட்டில் இருப்பார். மற்றவர்களுக்கு ஊசி அடுத்த வாரம். அனைவருக்கும் நன்றி.

நெடுவழி:
ரயிலை விட்டுவிட்டீர்கள். டியானியிலிருந்து திரும்பும்போதாவது மொம்பாசாவில் ஏறி நைரோபி வாருங்கள். ஐந்தாறு மணி நேரப் பயணம். பாதை சாவோவின் நடுவே செல்வதால் சன்னலோரம் பிள்ளைகளை உட்காரவையுங்கள், யானை தென்படலாம்.

சுவாகிலிக்கரை:
அந்த யோசனை எனக்கும் பிடித்திருக்கிறது; விமானத்துக்கு முந்தைய நாளே ஏறிவிடுங்கள். டியானியில் இன்னொன்றும் இருக்கிறது. கரைக்கு இணையாகச் செல்லும் சாலையில் மரத்துக்கு மரம் கயிற்றுப் பாலங்கள் கட்டியிருப்பார்கள். கறுப்பு வெள்ளைக் கொலோபஸ் குரங்குகள் வண்டியில் அடிபடாமல் சாலையைக் கடப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆற்றைக் கடப்பதைப் பார்க்க முடியாத பிள்ளைகளிடம் இதைக் காட்டுங்கள். மேலே பார்த்தபடி மெதுவாக நடந்து வரச் சொல்லுங்கள்.