தொட்டு அறிந்ததைக் கண் அடையாளம் காணுமா? மொலினியூ கேள்வியும் டெல்லிச் சோதனையும்

செங்காந்தள்:

மனம் பிறக்கும்போது வெற்றுத் தாளா, இல்லை ஏதாவது எழுதப்பட்டே வருகிறதா என்ற சண்டை முந்நூறு ஆண்டுகளைத் தாண்டியது. அதில் ஒரு பகுதியாவது சோதனை வரை போயிருக்கிறது என்பதால் இதைத் தொடங்குகிறேன்.

டப்ளினைச் சேர்ந்த வில்லியம் மொலினியூ, மனம் வெற்றுத் தாள்தான் என்று வாதிட்ட ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஜான் லாக்கின் கருத்துகளை முன்னிட்டு 1688ல் எழுதிய கடிதத்தில் இந்தக் கேள்வியை எழுப்பினார். அவருடைய மனைவி, மணமான கொஞ்ச காலத்திலேயே பார்வை இழந்தவர். கேள்வி இதுதான்: பிறவியிலேயே பார்வை இல்லாத ஒருவர் கனசதுரத்தையும் உருண்டையையும் தொட்டுப் பிரித்தறியப் பழகியிருக்கிறார். வளர்ந்தபின் பார்வை வருகிறது. இரண்டையும் மேசைமேல் வைத்தால், தொடாமல், பார்த்த மாத்திரத்தில் எது எது என்று சொல்வாரா? மொலினியூவே முடியாது என்றார். லாக் அதை 1694ல், மனித அறிவைப் பற்றிய தன் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்து, தானும் முடியாது என்றார்.

2011ல், பார்வையற்ற பிள்ளைகளுக்குச் சிகிச்சை தந்து அவர்கள் பார்க்கக் கற்பதை ஆராயும் பவன் சின்ஹாவின் பிரகாஷ் திட்டம் இதை டெல்லியில் சோதித்தது. 8 முதல் 17 வயது வரையான ஐந்து பேர். பிறவிக் கண்புரையோ கருவிழிக் கோளாறோ இருந்து, அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 48 மணி நேரத்துக்குள் சோதனை. தொட்ட பொருளைத் தொட்டே கண்டுபிடித்தது 98 சதவீதம், பார்த்ததைப் பார்த்தே கண்டுபிடித்தது 92 சதவீதம். தொட்டதைப் பார்த்துக் கண்டுபிடித்தது 58 சதவீதம்தான். காட்டும் இரண்டு கட்டைகளில் ஒன்றைத் தேர்வு செய்ய வேண்டும் என்பதால், வெறுமனே ஊகித்தாலே 50 வரும். லாக் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெளிவாகவே தெரிகிறது. அனுபவம் இல்லாமல் ஒரு புலன் இன்னொரு புலனின் அறிவைக் கடன் வாங்க முடியாது.

மருதன்:

அதே சோதனையின் பின்பாதியையும் சொல்லியிருக்கலாம். அந்தப் பிள்ளைகளில் சிலரைச் சில நாள் கழித்து மறுபடி சோதித்தார்கள். அதில் ஒருவருக்கு ஒரு வாரத்துக்குள்ளேயே மதிப்பெண் நன்றாக ஏறிவிட்டது. இடையில் யாரும் அவர்களுக்குப் பாடம் எடுக்கவில்லை. எட்டுப் பத்து ஆண்டுகள் இருட்டில் வளர்ந்த பிள்ளைக்குச் சில நாளில் கையும் கண்ணும் ஒத்துப்போகிறது என்றால், தாள் வெற்றுத் தாளாக இருந்திருக்கவே முடியாது. கோடு முன்பே போட்டிருந்தது, எழுத்து மட்டும்தான் பாக்கி.

அப்புறம், 2015ல் இதே குழு வெளியிட்ட இன்னொரு ஆய்வு உண்டு. புதிதாகப் பார்வை பெற்ற ஒன்பது பிள்ளைகளுக்கு முல்லர்-லையர், பான்சோ என்னும் இரண்டு தோற்ற மயக்கப் படங்களைக் காட்டினார்கள். சம நீளமுள்ள இரண்டு கோடுகளில் ஒன்று நீளமாகத் தோன்றுமே, அவைதான். மூலைகளும் நீண்டு போகும் சாலைகளும் நிறைந்த உலகத்தைப் பல ஆண்டுகள் பார்த்துப் பழகியதால்தான் நம் கண் ஏமாறுகிறது என்பது பாடநூல் விளக்கம். பழகவே வாய்ப்பில்லாத இந்தப் பிள்ளைகளும் நம்மைப் போலவே உடனே ஏமாந்தார்கள். இதற்கு லாக்கிடம் என்ன பதில் இருக்கிறது?

செங்காந்தள்:

தோற்ற மயக்கம் கண்ணுக்குள்ளேயே நடக்கிற விஷயம், மருதன். கண்ணின் அமைப்பு அப்படி என்று லாக் கட்சிக்காரர் யாரும் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். மொலினியூ கேட்டது இரண்டு புலன்களுக்கு நடுவே உள்ள பாலத்தைப் பற்றி.

ஒரு வாரம் என்பதும் உங்களுக்குத்தான் குறைவாகத் தெரிகிறது. விழித்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தப் பிள்ளை தன் கையைப் பார்த்துக்கொண்டே எதையாவது தொடுகிறது. அதுதான் பாடம். 1728ல் லண்டன் மருத்துவர் செசல்டன், 13 வயதை ஒட்டிய ஒரு சிறுவனுக்குக் கண்புரை நீக்கிவிட்டு எழுதிய குறிப்பு இன்றும் படிக்கக் கிடைக்கிறது. எல்லாப் பொருளும் கண்ணை வந்து தொடுவதாகவே அவனுக்கு முதலில் தோன்றியது. எது பூனை, எது நாய் என்று அடிக்கடி மறந்துபோகும். ஒருநாள் பூனையைப் பிடித்துத் தடவி, உற்றுப் பார்த்து, இனிமேல் உன்னைத் தெரிந்துகொள்வேன் என்று அதனிடமே சொல்லிவிட்டு இறக்கி விட்டான். கற்பது என்றால் இதுதான்.

குளத்தங்கரை:

இருவருமே கண்ணைப் பழுதில்லாத கருவியாக எடுத்துக்கொண்டு பேசுகிறீர்கள். மூளை ஆய்வாளர்கள் ஹியூபலும் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைத் தொடக்க மாதங்களில் மூடி வைத்தபோது, மூளையின் பார்வைப் பகுதி அந்தக் கண்ணைக் கைவிட்டுவிட்டது. பிறகு திறந்தும் பயன் இல்லை. அதற்கும் சேர்த்துத்தான் 1981ல் நோபல் பரிசு. எட்டு வயதில் திறந்த கண், பிறந்த குழந்தையின் கண் ஆகாது. பிறவியில் பாலம் இருந்து பயன்படாமல் இற்றுப்போயிருந்தாலும் 58 சதவீதம்தான் வரும். ஆகவே டெல்லி எண்ணை வைத்து மனித இயல்பைப் பற்றி எந்தப் பக்கமும் பேச முடியாது என்பது என் கட்சி.

மருதன்:

இற்றுப்போன பாலம் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுமா, குளத்தங்கரை? அங்கேதான் உங்கள் விளக்கம் எனக்கு இடிக்கிறது.

பனிமலர்:

எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. கணினி வாசிக்கக் கேட்டுத்தான் இதில் எழுதுகிறேன். இந்தக் கேள்வியை முந்நூறு ஆண்டுகளாகப் பார்வையுள்ளவர்கள் தங்களுக்குள் கேட்டுக்கொள்வதால் ஒரு அனுமானம் பரிசோதிக்கப்படாமலே நிற்கிறது. தொடுவோருக்குக் கிடைப்பது துண்டு துண்டான உணர்ச்சி, ஒரு முனை, அப்புறம் ஒரு விளிம்பு, அப்புறம் இன்னொரு முனை. பார்ப்போருக்குத்தான் முழு வடிவம் ஒரே வீச்சில் கிடைக்கிறது என்ற அனுமானம் அது. சின்னக் கனசதுரத்தை நான் உள்ளங்கையில் மூடிப் பிடித்தால் எட்டு முனையும் ஒன்றாகவே எனக்குக் கிடைக்கின்றன. அலமாரி அளவு பெரிதென்றால் நடந்து தடவித்தான் அறிய வேண்டும். ஆனால் தடவி முடித்தபின் என் மனதில் நிற்பது தடவிய வரிசை கிடையாது, அலமாரியின் வடிவம்.

ஒரு வயதில் பார்வை இழந்த நிக்கலஸ் சாண்டர்சன் 1711 முதல் 1739ல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜில் கணிதப் பேராசிரியர். நியூட்டனுக்கு ஒருவர் தள்ளி அதே பதவியில் இருந்தவர். ஒளியியலே பாடம் நடத்தியிருக்கிறார். ஒளிக்கதிர் எங்கே வளையும், எங்கே குவியும் என்று பார்வையுள்ள மாணவர்களுக்குச் சொன்னவரின் வடிவ அறிவை எந்தப் புலனுக்குச் சொந்தம் என்று எழுதுவீர்கள், செங்காந்தள்? எனக்கு லாக்கை மறுத்து எழுதிய ஜெர்மானியத் தத்துவ ஆசிரியர் லைப்னிட்ஸ்தான் பிடிக்கிறது. மேசைமேல் இருப்பவை கனசதுரமும் உருண்டையும்தான் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டால், யோசித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்றார் அவர். ஒன்றில் முனைகள் உண்டு, மற்றதில் இல்லை. அந்த வித்தியாசம் கைக்கும் கண்ணுக்கும் பொது.

செங்காந்தள்:

உங்கள் அனுபவத்தை மறுக்க நான் யார், பனிமலர். ஆனால் லைப்னிட்ஸ் கேள்வியை மாற்றிவிட்டார் என்று நினைக்கிறேன். யோசித்துக் கண்டுபிடிப்பது வேறு, பார்த்த மாத்திரத்தில் தெரிவது வேறு. கண்ணில் படுவது முனைதான் என்று அந்த மனிதருக்கு முதலில் தெரிய வேண்டும். கையில் குத்தும் முனையும், வெளிச்சம் சட்டென்று மாறும் ஒரு இடமும் ஒரே சங்கதி என்பதை யார் சொல்லிக்கொடுப்பது?

வடகரை:

இந்த இடத்தில் பழைய இந்தியத் தர்க்க நூலான நியாய சூத்திரத்தின் மூன்றாம் அத்தியாய முதல் சூத்திரம் நினைவுக்கு வருகிறது. பார்வையாலும் தொடுகையாலும் ஒரே பொருள் பற்றப்படுவதால், புலன்களுக்கு அப்பால் அறிபவன் ஒருவன் உண்டு என்பது அதன் வாதம். கண் தொடாது, தோல் பார்க்காது. நான் பார்த்ததையே இப்போது தொடுகிறேன் என்று சொல்ல இரண்டுக்கும் பொதுவாக ஒருவர் வேண்டும். மொலினியூவுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இதே முடிச்சில் கை வைத்திருக்கிறார்கள். கவனியுங்கள், அந்த ஒருவர் முதல் பார்வையிலேயே கண்டுகொள்ள வேண்டும் என்று சூத்திரம் கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்துக் கண்டுகொண்டாலும் வாதம் நிற்கும்.

செங்காந்தள்:

அறிபவர் ஒருவர் என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன், வடகரை. ஆனால் அறிபவர் ஒருவராக இருப்பதால் அவர் அறிந்தவை தாமாக ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளாதே. டெல்லியில் அந்தப் பிள்ளையின் கையும் கண்ணும் ஒரே பிள்ளைக்குத்தான் சொந்தம். 58 சதவீதம் வந்தது.

மருதன்:

அந்த 58லேயே ஒரு ஓட்டை இருக்கிறது. தத்துவ ஆசிரியர் ஜான் ஷ்வெங்லர் 2012ல் எடுத்துச் சொன்னது இது. கண் மங்கலாக இருந்தாலும் தெரியட்டும் என்று கட்டைகளைப் பெரிதாகவே காட்டினார்கள். சரி. ஆனால் பார்த்ததைப் பார்த்துப் பொருத்துவதற்கு அதை முப்பரிமாண வடிவமாக உணரவே தேவையில்லை. தட்டையான விளிம்புகளை ஒப்பிட்டாலே போதும். ஆகவே 92 சதவீதம் வாங்கிய பிள்ளை கட்டையைக் கட்டையாகப் பார்த்தது என்று சொல்ல முடியாது. வடிவமே கண்ணில் தெரியாதபோது அதைக் கையோடு எப்படிப் பொருத்துவது? தாளிலிருந்து எழும்பிய கோட்டில் வட்டமும் சதுரமும் போட்டுத் தொடக் கொடுத்துவிட்டு, அதையே அச்சடித்துக் காட்டினால் இந்தச் சிக்கல் இராது. அதில் 48 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளைகள் தேறினால் லாக்கைக் கைவிடுவீர்களா?

செங்காந்தள்:

கைவிடுவேன், ஒரு நிபந்தனையோடு. கட்டு அவிழ்த்ததிலிருந்து சோதனை முடியும்வரை அந்தப் பிள்ளை தன் கையைத் தானே பார்த்திருக்கக் கூடாது. இரண்டு நாளில் நடந்த கற்றலைப் பிறவி அறிவு என்று நீங்கள் கணக்கில் எழுத விடமாட்டேன்.

பனிமலர்:

சதுரத்தையும் வட்டத்தையும் மட்டும் வைக்காதீர்கள். இருப்பது இரண்டே வடிவம் என்று தெரிந்தால் ஊகித்தே பாதி வாங்கிவிடலாம். புள்ளியெழுத்துப் பள்ளிகளில் எழும்பிய கோட்டுப் படங்கள் நிறைய உண்டு. பத்துப் பன்னிரண்டு வடிவமாவது எடுங்கள், பெயர் சொல்லாமல் கொடுங்கள். தேறினாலும் தேறாவிட்டாலும் அப்போது கிடைக்கும் எண்ணை நான் நம்புவேன்.